பிள்ளைத்தமிழும் தோழி கூற்றும்: ஒரு சமூகவியல் நோக்கு

 

இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் சமூகவியலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பாட்டைப் பாட்டாகவே சுவைக்க வேண்டும், அதன் மேல் வேறொரு துறையின் அளவுகோலை வைத்து அளத்தல் ஆகாது என்பது ஒரு கட்சி. அக்கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், குழந்தை எவ்வாறு சமூக மனிதனாகிறது, ஒருவர்க்கு உரிய பங்கை யார் வகுக்கிறார்கள், சிலர் ஒன்று கூடினால் அக்கூட்டம் எப்போது குழுவாகிறது என்னும் மூன்று வினாக்களும் தமிழ்ப் புலவர்க்குப் புதியவை அல்ல. மேலைநாட்டார் இவற்றுக்குச் சமூகமயமாதல், சமூகப் பங்கு, சமூகக் குழு என்று கலைச்சொல் வகுத்தது ஏறத்தாழக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில்தான். தமிழ்ப் புலவர்கள் கலைச்சொல் வகுக்கவில்லை, துறை வகுத்தார்கள். அத்துறைகளைச் சமூகவியலின் ஒளியில் காணும்போது சில அழகுகள் துலங்குகின்றன. சில இருட்டுகளும் துலங்குகின்றன. இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும்.

முதலில் குழந்தை. பிறந்த குழந்தை மனித உடலோடு பிறக்கிறது. மனிதத் தன்மையோடு பிறக்கிறதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், காட்டில் ஓநாய்கள் வளர்த்ததாகச் சொல்லப்பட்ட மிதுனாபுரிச் சிறுமியர் இருவரை நெடுங்காலம் சான்று காட்டி வந்தனர். 1920இல் கண்டெடுத்ததாகப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்த அக்கதை பாடநூல்களில் பல்லாண்டுகள் இடம்பெற்றது. பின்வந்த ஆய்வாளர்கள் அதன் மெய்ம்மையை வலுவாக ஐயுற்றுள்ளனர். கேட்கச் சுவையான கதைதான். சான்றாகக் கொள்ளுதற்கு இல்லை. அதைவிட நம்பத்தக்கவை அமெரிக்கச் சமூகவியலறிஞர் கிங்ஸ்லி டேவிஸ் ஆராய்ந்து எழுதிய இரு நிகழ்ச்சிகள்.

1938இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பண்ணை வீடொன்றின் மேல்மாடி அறையில், ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கண்டெடுக்கப்பட்டாள். திருமண உறவுக்குப் புறம்பே பிறந்தவள் என்பதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டவள். உயிர் தரிக்கும் அளவுக்குப் பால் மட்டும் கிடைத்தது. நடக்கத் தெரியாது, பேச்சு இல்லை, தானே உண்ணவும் அறியாள். அதன்பின் தந்த பராமரிப்பில் நடக்கவும், தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், பொம்மையிடம் அன்பு காட்டவும், சில சொற்களைச் சொல்லவும் கற்றாள். 1942இல், பத்து வயதில், நோயால் இறந்தாள். ஏறத்தாழ அதே காலத்தில் ஒகையோ மாநிலத்தில் அதே வயதுடைய மற்றொரு சிறுமி வெளிப்பட்டாள். இவளும் இருட்டறையில் அடைபட்டவள்தான். ஆனால் இவளோடு இவள் தாயும் அடைபட்டிருந்தாள். அத்தாய் காது கேளாதவள், வாய் பேசாதவள். தாயும் மகளும் கைச் சைகையால் உறவாடி வந்தனர். இச்சிறுமிக்குப் பேச்சுப் பயிற்சி தரப்பட்டபோது, பிற குழந்தைகள் ஆறாண்டுகளில் கடக்கும் படிகளை இரண்டே ஆண்டுகளில் கடந்து, பள்ளியில் மற்றவரோடு ஒப்ப அமர்ந்தாள்.

இரு குழந்தைகளுக்கும் இயல்பான அறிவுத்திறன் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. டேவிஸே அதை ஒப்புகிறார். எனினும் ஊமைத் தாயின் கைச் சைகை ஒன்று இடையில் நிற்கிறது. சொல் இல்லாவிடினும், தன்னை நோக்கி அசையும் ஒரு கை அவளுக்கு இருந்தது. சமூகமயமாதல் என்னும் நெடிய சொல்லின் முழுப் பொருளும் அந்தக் கையில் அடங்கியிருக்கிறது.

அந்தக் கையைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி தமிழ். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனின் பருவங்களைப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பாடிய நூல் இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்கள் வளர்கின்றன. தெய்வங்கள் காக்க என்று வேண்டும் காப்புப் பருவத்தில் குழந்தை வெறுமனே கிடக்கிறது. செங்கீரையில் தலைநிமிர்த்தி ஆடுகிறது. தாலில் பாட்டைக் கேட்கிறது. சப்பாணியில் கைகொட்டச் சொல்கிறார்கள், கொட்டுகிறது. முத்தம் கேட்கிறார்கள், தரவோ மறுக்கவோ கற்கிறது. வருகையில் தளர்நடையிட்டு அழைத்தவரை நோக்கி வருகிறது. அம்புலியில், வானத்து நிலவையே விளையாட்டுத் தோழனாக அழைக்கிறார்கள். அதாவது குழந்தைக்குத் தன் வயதொத்த துணை வேண்டும் என்று வீட்டார் உணரும் கட்டம் அது.

இவ்வரிசையைச் சற்று ஊன்றி நோக்கினால், பருவங்கள் யாவும் குழந்தை தனித்துச் செய்யும் செயல்கள் அல்ல என்பது புலப்படும். ஒவ்வொன்றிலும் கேட்கும் குரல் ஒன்றும் விடையிறுக்கும் உடல் ஒன்றும் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்றிய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்னும் அறிஞர் இதைத்தான் வேறு வகையில் விளக்கினார். அவர் 1931இல் மறைந்தார். மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்த அவருடைய நூல் 1934இல் வெளிவந்தது. குழந்தை முதலில் பிறருடைய அசைவைப் பின்பற்றுகிறது. பின்னர் ஆசிரியராகவும் காவலராகவும் தாயாகவும் ஒவ்வொருவராகத் தன்னை வைத்து விளையாடுகிறது. அதற்கும் பின்னர், ஆட்ட விதிகளுடைய கூட்டு விளையாட்டில் சேர்ந்து, எல்லாருடைய பங்கையும் ஒருசேர மனத்தில் கொண்டு தன் பங்கை ஆடக் கற்கிறது. அவர் காட்டிய எடுத்துக்காட்டு அவர் நாட்டுப் பந்தாட்டம். சடுகுடுவை வைத்துக்கொண்டால் இன்னும் எளிதாக விளங்கும். பாடிச் செல்பவன் எதிரணியின் ஏழு பேரும் என்ன செய்யக்கூடும் என்பதைத் தன் மூச்சு அடங்குமுன் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறு எல்லாரையும் ஒருவராக்கி உள்ளத்தில் நிறுத்திக்கொள்ளும் நிலையைப் 'பொதுமைப்பட்ட பிறர்' என்று மீட் அழைத்தார்.

இனிப் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுக்கு வருவோம். முதல் ஏழு பருவங்களும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. எட்டாம் பருவத்தில் வழி பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் சிற்றிலும் போன்ற மாற்றங்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் ஒருவரே வைத்தீசுவரன்கோயில் முருகன் மேல் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும், மதுரை மீனாட்சியம்மை மேல் ஒரு பிள்ளைத்தமிழும் பாடியுள்ளமையால், ஒரே புலவரின் கையில் இவ்விரு வழிகளும் எவ்வாறு பிரிகின்றன என்பதை அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். ஆண் குழந்தை பறை முழக்குகிறது, தேர் உருட்டுகிறது. போர்ப்பறையும் போர்த்தேரும் சிறுவடிவில் கைக்கு வந்துவிட்டன. ஒருவர் பின்னாளில் ஏற்க வேண்டிய பங்கை முன்னரே பழகிக்கொள்வதைச் சமூகவியலார் முன்னோக்கிய சமூகமயமாதல் என்பர். மரப்பறையும் மரத்தேரும் அதற்கு உரிய பொம்மைகள்.

மீனாட்சியின் கதையை அறியாதார் இவ்வவையில் இல்லை. பாண்டியன் வேள்வியில் தோன்றி, ஆண்மகனைப் போலவே படைக்கலம் பயின்று, முடிசூடி, திசைகளை வென்று, கயிலை வரை படை நடத்திச் சென்றவள் என்பது திருவிளையாடற் புராணம் சொல்லும் வரலாறு. குமரகுருபரரும் அவ்வெற்றியையும் அரசாட்சியையும் மறவாது பாடுகிறார். ஆனால் எட்டாம் பருவம் வந்ததும் அத்தடாதகை கையில் அம்மானைக் காய்தான் இருக்கிறது. பின்னர்ப் புனலாடுகிறாள், ஊசல் ஆடுகிறாள். தேர் ஏறிப் போர் செய்தவளுக்கு உருட்டுதற்கு ஒரு சிறுதேர் இல்லை! இது புலவரின் குறையன்று. அவர் கற்பனைக்கு எல்லை இல்லை. வகைக்கு எல்லை இருந்தது. கதை ஒரு பங்கைத் தருகிறது, இலக்கணம் வேறொரு பங்கைத் தருகிறது, இலக்கணமே வெல்கிறது. சமூக வழக்காறு தனிமனிதரிடத்தில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

ஆண்பாற் சிற்றில் பருவத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பருவத்தில் ஆண் குழந்தை கட்டுவதில்லை, சிதைக்கிறது. சிறுமியர் மணலில் வருந்தி இழைத்த சிறுவீடுகளை அவன் காலால் அழிக்க வருகிறான். பாட்டு முழுதும், சிதைக்காதே என்று அச்சிறுமியர் மன்றாடும் குரல். கேட்போர் அதைக் குறும்பு என்று சுவைக்கிறார்கள். கட்டுவது ஒருத்தி பங்கு, அழிப்பது ஒருவன் பங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் விளையாட்டு என்று இரு பாலாரும் மூன்று வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். இதே துறையை ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் கையாள்கிறார். அங்கும் கெஞ்சல் உண்டு. ஆயினும் முதுகு நோவ, கைவலிக்க இழைத்தவரின் களைப்பு உள்ளிருந்து பேசுகிறது. பிற்காலப் புலவர்கள் அச்சிறுமியராகத் தம்மைப் பாவித்துப் பாடினர். ஆண்டாளுக்குப் பாவனையின் தொலைவு அவ்வளவு இல்லை.

பாவனை என்றதும் பங்கு பற்றிய பேச்சுக்கு வந்துவிட்டோம். ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நாடக முகமூடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மனிதர் அனைவரும் ஏதோ ஒரு முகமூடி அணிந்தே வாழ்கின்றனர் என்னும் கருத்து அச்சொல்லிலேயே உறைந்திருக்கிறது. 1936இல் ரால்ஃப் லிண்டன் என்னும் மானிடவியலறிஞர் நிலை வேறு, பங்கு வேறு என்று பிரித்துக் காட்டினார். நிலை என்பது சமூகத்தில் ஒருவர் நிற்கும் இடம். பங்கு என்பது அவ்விடத்தில் நின்று அவர் ஆற்றும் செயல். பிறப்பால் சார்த்தப்பட்ட நிலையும் உண்டு, முயற்சியால் எய்திய நிலையும் உண்டு என்றார். 1957இல் ராபர்ட் மெர்ட்டன் மேலும் ஒரு படி சென்று, ஒரே நிலையில் நிற்பவர் பல திசையினரோடு பல பங்குகளை ஆற்ற நேர்கிறது என்றும், அப்பங்குகள் தமக்குள் முரண்படும் என்றும் விளக்கினார்.

அகத்திணை மாந்தரை அறிந்தவர்க்கு இவை விளக்கம் வேண்டாதவை. அகப்பாட்டில் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. நெடுநல்வாடையில் வேம்பு ஓரிடத்தில் வந்து பாண்டியனை அடையாளம் காட்டிவிட்டது என்பதற்காகவே அதை உரைகாரர் புறத்தில் சேர்த்தனர். அத்துணைக் கடுமையான விதி. பெயர் போனால் எஞ்சுவது என்ன? தலைவி, தலைவன், தோழி, பாங்கன், செவிலி, நற்றாய், பரத்தை, கண்டோர். எஞ்சுவன எல்லாம் பங்குகள். தனிமனிதரின் மிக அந்தரங்கமான உணர்ச்சியாகிய காதலைப் பாட வந்த இலக்கியம், தனிமனிதரின் பெயரை நீக்கிவிட்டுப் பங்குகளை மட்டுமே பேசவைத்தது வியப்புக்குரியது. கபிலர் போன்ற ஆண் புலவர்கள் தோழியாகவும் தலைவியாகவும் நின்று பேசினர். பிறருடைய பங்கைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளுதல் என்று மீட் குழந்தையிடத்தில் கண்ட ஆற்றல், புலவரிடத்தில் கலையாக முதிர்ந்திருக்கிறது.

இம்மாந்தருள் தோழியின் நிலை மிகவும் ஆராயத் தக்கது. அவள் தலைவியோடு ஒரு வகையாகப் பேசவேண்டும். தலைவனை வரைவு கடாவும்போது வேறு வகையாகப் பேசவேண்டும். செவிலியிடம் மறைக்க வேண்டியதை மறைத்து, உரிய வேளையில் அறத்தொடு நிற்கவும் வேண்டும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என்று செய்தி படிப்படியாக ஏறும் அவ்வரிசையில் முதல் அபாயம் அவளுடையது. தலைவிக்கு உண்மையாயின் இல்லத்துக்குப் பொய். இல்லத்துக்கு உண்மையாயின் தலைவிக்குத் துரோகம். பங்கு முரண் என்று மெர்ட்டன் வழிவந்தோர் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு பத்து அடிப் பாட்டில் தோழி பேசிவிடுகிறாள்.

சிறைப்புறம் என்னும் துறையும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்கிறான். தோழி அதை அறிவாள். அறியாதவள் போலத் தலைவியிடம் பேசுகிறாள். சொல் தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. 1950களில் ஷெட்லாந்துத் தீவொன்றில் தங்கி மக்கள் பழக்கத்தை ஆராய்ந்த எர்விங் கோஃப்மன், அன்றாட வாழ்வே ஒரு மேடை என்றும், அதற்கு முன்னரங்கும் பின்னரங்கும் உண்டு என்றும் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். பின்னரங்கில் பேசும் பேச்சையே முன்னரங்கில் இருப்பவன் கேட்கும்படி அமைக்கும் நுட்பத்தை அகப்பாடல் ஒரு துறையாகவே ஆக்கி வைத்திருக்கிறது. கோஃப்மன் தமிழ் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மீட் கூறிய பொதுமைப்பட்ட பிறர் அகப்பாட்டில் யார்? ஊர். முகமற்ற, பெயரற்ற ஊர். அம்பல் என்பது வாய்க்குள் முணுமுணுப்பு. அலர் என்பது வெளிப்பட்ட பழிச்சொல். தாய் அறியுமுன் ஊர் அறிகிறது. ஊர் என்ன சொல்லும் என்பது தலைவியின் உள்ளத்தில் ஊரார் வாய் திறக்குமுன்னரே கேட்கத் தொடங்கிவிடுகிறது. சட்டமும் காவலும் செய்யாத அடக்குமுறையை அலர் செய்கிறது. அதே அலரைத் தோழி கருவியாக எடுத்துக்கொண்டு, ஊர் பேசுகிறது, விரைந்து வரைந்து கொள் என்று தலைவனை நெருக்குகிறாள். அடக்கும் ஆற்றலையே அரணாக்கிக் கொள்ளும் இத்திறம் எளியோர்க்கு மட்டுமே வாய்ப்பது.

சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் எழுதிய நூலில் கண்ணாடித் தன்மை என்று ஒரு கருத்தை மொழிந்தார். பிறர்க்கு எவ்வாறு தோன்றுகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அவர்கள் எவ்வாறு மதிப்பிடுவர் என்று கற்பனை செய்கிறோம். அதற்கேற்பப் பெருமிதமோ நாணமோ கொள்கிறோம். 'நான்' என்பது இம்மூன்றாலும் ஆனது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்று (167) யாவரும் அறிந்தது. தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமல் ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய, புதுமணப்பெண் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. கூலியின் கண்ணாடி அக்கணவனின் முகம். இதைக் கண்டு வந்து நற்றாய்க்குச் சொல்பவள் செவிலி என்பதில் மேலும் ஒரு கண்ணாடி இருக்கிறது: வளர்த்தவள் தன் வளர்ப்பைத் தானே கண்டுகொள்ளும் கண்ணாடி.

நற்றிணையில் போதனார் பாட்டு (110) இன்னும் கூர்மையானது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, பூஞ்சிறு கோலை ஓங்கியபடி நரைத்த செவிலியர் பந்தலைச் சுற்றி ஓட, உண்ண மறுத்து ஓடிய சிறுமி இன்று கணவன் குடி வறுமையுற்ற காலத்தில், தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இந்த அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தன என்று வியக்கிறாள் தாய். தமிழாசிரியர்கள் இதைப் பெண்மையின் பெருமை என்று பாடம் சொல்வது வழக்கம். பாட்டின் அழகை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் தாயின் வியப்புக்கு விடை உண்டு. அவள் அதைக் கற்றாள். அம்மானை ஆடியபோது கற்றாள். சிற்றில் சிதைந்தபோது கற்றாள். செவிலி செய்வதைப் பார்த்துக் கற்றாள். கற்பித்தவர்களே கற்பித்ததை மறந்து, இயற்கை என்று எண்ணி வியப்பதுதான் சமூகமயமாதலின் முழு வெற்றி. பட்டினியும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது என்பதை அப்பாட்டு மறைக்கவில்லை, படிப்போரே மறைத்துவிடுகின்றனர்.

இனி இருட்டு. தோழி யார்? செவிலியின் மகள் என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. பிறப்பால் சார்த்தப்பட்ட நிலை என்று லிண்டன் சொன்னதற்கு இஃது இலக்கணம். அவள் அறிவு, பேச்சுத்திறன், துணிவு எல்லாவற்றாலும் தலைவியை விஞ்சியவள். பல பாட்டுகளில் களவை நடத்திக் கற்பில் சேர்ப்பவளே அவள்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு காதல் உண்டா? தோழியின் காதல் என்று ஒரு துறை அகத்திணையில் இல்லை. அடியோரும் ஏவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகார், கைக்கிளை பெருந்திணைகளில் வேண்டுமாயின் வரலாம் என்று இலக்கணம் வரம்பு கட்டிவிட்டது. அவ்வாறு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு மருதக்கலியில் கூனியும் குறளனும் உரையாடும் பாட்டு ஒன்று (94) உண்டு. இருவரும் ஒருவர் உடலை ஒருவர் எள்ளி, பின்னர் இசைகின்றனர். இறுதிப் பகுதியில் மனம் நெகிழ்கிறது என்பது மெய். ஆனால் தலைவனும் தலைவியும் காதலித்தால் அது பாலை, முல்லை, குறிஞ்சி. கூனியும் குறளனும் காதலித்தால் அது நகை. பங்குகள் மட்டும் பேசும் இலக்கியத்தில் எந்தப் பங்கு யாருக்கு என்பதே அரசியல்.

இவ்வரம்பைத் தமிழ் உரைநடை மிகப் பிந்தி உடைத்தது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தன்வரலாறாகவும் புதினமாகவும் படிக்கப்படும் நூல். அதில் ஒரு காட்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், அதைக் கட்டிய கயிற்றின் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், மேல்சாதிப் பெரியவர் ஒருவரிடம் குனிந்து கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு என்பதால் அப்படிக் கொண்டுபோனார் என்று விளக்குகிறான். சிறுமியின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

கூலியின் கண்ணாடி இங்கே வேறு விதமாக ஒளிர்கிறது. புதுமணப்பெண்ணுக்குக் கணவனின் முகம் கண்ணாடி; இச்சிறுமிக்கு ஒரு கயிறு கண்ணாடி. அதுவரை அவள் கண்ட காட்சி ஒருவரின் விந்தை நடை. அதன்பின் அது அவருடைய பங்கு, நாளை அவளுக்கும் வரக்கூடிய பங்கு. சமூகமயமாதல் என்பது பெரும்பாலும் மெதுவாக, தாலாட்டுப் போல நிகழ்வது. சில வீடுகளில் அது ஒரே மாலைப்பொழுதில் நிகழ்ந்துவிடுகிறது. அதே அண்ணன் படி, படித்தால் இதைக் கடக்கலாம் என்றும் சொல்கிறான். சார்த்தப்பட்ட நிலைக்கு எதிராக எய்தும் நிலையை நிறுத்தும் அவ்வறிவுரையும் சமூகமயமாதலே. அறிவுரை முழுதும் பலித்ததா என்பதை அந்நூலின் பிற்பகுதி சொல்லும்.

குழு பற்றிச் சிறிது சொல்லி முடிக்கலாம். கூலி 1909இல் எழுதிய மற்றொரு நூலில் முதல்நிலைக் குழு என்னும் பெயரைத் தந்தார். குடும்பம், விளையாட்டுத் தோழர், அண்டை அயலார் என முகத்துக்கு முகம் பழகும் கூட்டம் அது. அலுவலகமும் கட்சியும் சங்கமும் இரண்டாம்நிலை. இலக்கிய வட்டம் எதில் சேரும்? பெயர்ப் பதிவேடும் சந்தாவும் செயலாளரும் இருப்பதால் இரண்டாம்நிலை என்று ஏட்டில் எழுதலாம். ஆனால் ஒருவர் கவிதை வாசித்து முடித்ததும் விழும் அமைதியில், அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார் என்று மற்றவர் எல்லாம் முன்னரே அறிந்திருப்பார்களாயின் அது முதல்நிலைக் குழுவே.

ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மல் 1908இல் எண்ணிக்கையை வைத்தே குழுவின் இயல்பை ஆராய்ந்தார். இருவர் குழுவில் ஒருவர் விலகினால் குழுவே இல்லை. மூன்றாமவர் வந்ததும் குழுவுக்குத் தனி உயிர் வந்துவிடுகிறது; நடுவரும் வரலாம், இருவர் பூசலில் ஆதாயம் தேடுபவரும் வரலாம், பிரித்து ஆள்பவரும் வரலாம். தலைவன் தலைவியிடையே தோழி புகுந்தது அகத்திணைக்கு எவ்வளவு வளம் சேர்த்தது என்பதை இங்கு மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. தமிழ்ப் புத்திலக்கிய வரலாறும் குழுக்களின் வரலாறாகவே இருந்து வந்திருக்கிறது. 1933இல் தொடங்கிய மணிக்கொடி, நெல்லையில் டி. கே. சி. தம் இல்லத்தில் கூட்டிய வட்டத்தொட்டி, 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து, 1971இல் கோவையில் எழுந்த வானம்பாடி என ஒவ்வொன்றும் இளங்கவிஞரை வளர்த்த செவிலி. எதை எழுதினால் தலை அசையும், எதை எழுதினால் புருவம் நெரியும் என்று ஒவ்வொன்றும் தன் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. கற்றவர்களுள் சிலர் அத்தலையசைவுக்காகவே கடைசிவரை எழுதினர். அவர்கள் பெயர்கள் இன்று நினைவில் இல்லை. தம் குழுவின் அலரை அஞ்சாது எழுதியவர்களே நிற்கின்றனர். அவர்களும் குழுவில் வளர்ந்தவர்களே என்பதை மறத்தல் ஆகாது.

உட்குழு, வெளிக்குழு என்னும் பிரிவைச் சம்னர் 1906இல் பேசினார். உள்ளிருப்போர்க்கு ஒரு நீதி, வெளியிருப்போர்க்கு ஒரு நீதி என்பது குழுவின் பிறவிக் குணம். அக்குணத்தைத் தமிழில் மிக இனிதாகக் கடந்த பாட்டு ஒன்றைத் தேடினால் திருப்பாவையில் காணலாம். வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானின் வளர்ப்பு மகள், ஆயர்பாடிச் சிறுமியருள் ஒருத்தியாகத் தன்னை வைத்துக்கொள்கிறாள். பிறப்பு நிலையை விட்டு வேறொரு குழுவின் பங்கை விரும்பி ஏற்கிறாள். நோன்புக்குப் புறப்பட்ட கூட்டம் நேரே நீராடப் போய்விடவில்லை. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை, பத்துப் பாசுரங்கள், பத்து வீட்டு வாசல்கள். முப்பதில் மூன்றில் ஒரு பங்கு, வராதவர்களை எழுப்புவதிலேயே செலவாகிறது. ஒருத்தி பேய்ப்பெண்ணே என்று ஏசப்படுகிறாள். ஒருத்தி ஊமையோ செவிடோ என்று கேலி செய்யப்படுகிறாள். எவளும் விட்டுச் செல்லப்படவில்லை. பத்தாவது வாசலில் உள்ளே இருப்பவள் வாய் கொடுக்கிறாள். சற்றுப் பூசல் நடக்கிறது. பிறகு, எல்லாரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்க, வெளியே வந்து நீயே எண்ணிப் பார்த்துக்கொள் என்று விடை வருகிறது.